பால்மரக் காட்டுக்கு அமெரிக்க மேற்கு உவமையாகுமா?

காட்டை அழித்து மலேசியாவின் கெடாவை நாடாக்கிய நம் தாத்தா பாட்டிகளை, அமெரிக்க மேற்குக்கு மாட்டுவண்டி கட்டிப்போன குடியேறிகளோடு ஒப்பிடும் பேச்சு மேடைகளில் கேட்கிறது. பெருமைக்குச் சொல்வதுதான், ஆனால் பொருந்தாது. 1862-இல் லிங்கன் கையெழுத்திட்ட குடியேற்ற நிலச் சட்டப்படி, சில டாலர் கட்டணம் கட்டி ஐந்தாண்டு தங்கி உழுதவருக்கு 160 ஏக்கர் வரை சொந்தமானது. கெடாவின் பாடாங் செராயில் விக்டோரியா தோட்டத்திலோ ஹென்ரியட்டா தோட்டத்திலோ ஆயுள் முழுக்கப் பால்வெட்டியவருக்கு அந்தச் சட்டத்தின் நிழல்கூட விழவில்லை. அவருக்கு அமெரிக்காவில் இணை தேடினால் குடியேறியிடம் அல்ல, அந்தக் குடியேறியை மேற்கே கொண்டுசேர்த்த தண்டவாளத்தைப் போட்ட சீனத் தொழிலாளியிடம்தான் போய் நிற்க வேண்டும்.

சியரா நெவாடா மலையைக் குடைந்து சென்ட்ரல் பசிபிக் ரயில் பாதை போட்டவர்களில் பெரும்பாலோர் சீனர்கள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். 1869 மே 10-இல் கிழக்கும் மேற்கும் தண்டவாளத்தால் இணைந்தன. ரயில் கம்பெனிகளுக்கு அரசு கோடிக்கணக்கான ஏக்கரை வாரி வழங்கியது. சீனருக்கோ ஒரு ஏக்கரும் இல்லை: இலவச நிலம் கேட்கக் குடிமகனாகவோ, குடிமகனாக விண்ணப்பித்தவராகவோ இருக்க வேண்டும், அங்கு வந்த ஆசியர் அன்று குடிமகனாகவே முடியாது. 1882-இல் சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வரவும் தடை வந்தது. வேலை முடிந்தது, கதவு சாத்தப்பட்டது.

கெடாவின் கதையும் இதே தடத்தில்தான் ஓடியது. 1909-இல் சயாமிடமிருந்து பிரிட்டிஷார் கைக்கு மாறிய மாநிலத்தில், நிலம் கம்பெனிகளுக்குப் பெரும் துண்டுகளாகப் போனது. ஆள், தொழிலாளரைத் திரட்டும் கங்காணி வழியாகத் தமிழகத்திலிருந்து வந்தது. ரப்பரை இழுத்தது அமெரிக்கச் சந்தை. 1908-இல் வந்த ஃபோர்டின் மாடல் டி காரும் அதன் போட்டிக் கார்களும் உருள உருள, பால்மரம் பெருகியது. பீடோங் பக்கத்து ஹார்வர்டு தோட்டமே யுனைடெட் ஸ்டேட்ஸ் ரப்பர் கம்பெனியின் சொத்தாக இருந்தது. 1930-களின் தொடக்கத்தில் விலை விழுந்ததும், மலாயாவிலிருந்து தமிழர்கள் கூட்டங்கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். லயத்து வீடும் வேலையோடு ஒட்டியதே. வேலை போனால் அதுவும் போகும்.

இதை மறுப்பவர்கள் இரண்டு சொல்லலாம். மலாயாவுக்கான ஒப்பந்தக் கூலி முறை 1910-இலேயே நின்றது, பிறகு வந்தவர் சுதந்திரமான ஆள்தானே என்பது ஒன்று. உண்மைதான், கடன் பத்திரமும் சிறைத் தண்டனையும் முன்போல இல்லை. பயணச் செலவைக்கூட 1907-இல் தொடங்கிய தமிழ்க் குடியேற்ற நிதி ஏற்றது. ஆனால் விலகிப்போகும் சுதந்திரம் வேறு, தங்கி நிலம் பெறும் உரிமை வேறு. இரண்டாவது மறுப்பு கனமானது: அமெரிக்க இலவச நிலமும் பலரைக் காப்பாற்றவில்லை, வறட்சியில் பலர் விட்டோடினர், அந்த மண்ணே பூர்வகுடிகளிடமிருந்து பறித்தது, 1887-இன் டாஸ் சட்டத்தால் அவர்களிடம் எஞ்சியதும் பெருமளவு கைமாறியது. மறுக்க இயலாது. அதனாலேயே, குடியேறியாக வேண்டும் என்று நாம் ஏன் ஆசைப்பட வேண்டும் என்பதும் கேட்கத்தக்கது. ஆயினும் விட்டோடியவனுக்கும் விடுவதற்கு ஒரு நிலம் இருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, நிலம் உள்ளவனுக்கும் இல்லாதவனுக்குமான அந்த வித்தியாசம் தொழிலாளரை நேரடியாக அடித்தது. அப்போதுதான் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 10 வெள்ளித் தவணைகளில் தொழிலாளர் சேர்த்த பணத்தில் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். குடியேறிக்கு அரசு கொடுத்ததை, பால்வெட்டியவர் தன் சம்பளத்திலிருந்து விலைக்கு வாங்கினார். அதுவும் தனிப் பட்டாவாக அல்ல, சங்கத்தின் பங்காக.