அய்யன் காக்கும் வனம்

பொதிகை மலையின் மடியில், காரையாறு வனப்பகுதியில், தாமிரபரணியின் கரையிலே கோயில் கொண்டிருக்கிறார் அருள்மிகு சொரிமுத்து அய்யனார். நெல்லைச் சீமையின் எண்ணற்ற குடும்பங்களுக்கு இவரே குலதெய்வம். மகாலிங்கசுவாமி, சங்கிலி பூதத்தார், தளவாய் மாடன், பிரம்மராட்சசி, பேச்சியம்மன் எனப் பரிவாரங்கள் சூழ அருளும் இத்தலத்தில் ஆடி அமாவாசை பெருந்திருவிழா. அன்று சிங்கம்பட்டி ஜமீன்தார் ராஜ உடையில் காட்சி தருவது மரபாக இருந்தது. அம்மரபைக் காத்துவந்த முருகதாஸ் தீர்த்தபதி 2020-இல் மறைந்தார்.

இங்குள்ள பட்டவராயருக்குப் பக்தர்கள் தோல் செருப்புகளைக் காணிக்கையாகச் சாத்துகிறார்கள். மறு ஆண்டு வந்து பார்த்தால் அவை தேய்ந்திருக்கும். இரவெல்லாம் அவர் காட்டைச் சுற்றிக் காவல் புரிகிறார் என்பது நம்பிக்கை. மாட்டு மந்தையைக் காக்கக் கள்வரோடு போரிட்டு உயிர்நீத்த முத்துப்பட்டனே பட்டவராயராக நின்றார் என்கிறது மக்கள் வழங்கும் கதை.

தெய்வம் காவல் புரியும் அதே வனத்தை அரசும் காவல் புரிகிறது. முண்டந்துறை 1962-இலும் களக்காடு 1976-இலும் சரணாலயங்களாயின. இரண்டும் இணைந்து 1988-இல் தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம் உருவாயிற்று. புலியும் சிங்கவால் குரங்கும் வாழும் இந்தச் சோலைகளே மழைநீரைத் தேக்கிச் சிறுகச் சிறுக ஆற்றுக்கு அளிக்கின்றன. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களின் வயலும் குடிநீரும் அதை நம்பியே உள்ளன.

இரு காவல்களுக்கும் இடையேதான் இன்று மனத்தாங்கல் எழுகிறது. முன்பெல்லாம் பக்தர்கள் குடும்பத்தோடு வந்து, குடில் அமைத்து, நாள்கணக்கில் தங்கிப் பொங்கலிடுவார்கள். கூட்டம் லட்சக்கணக்கில் பெருகியபோது விறகுக்கு மரம் வெட்டப்பட்டது, பிளாஸ்டிக் குவிந்தது, ஆறு மாசுபட்டது. ஆகவே வனத்துறை, தங்கும் நாள்களைக் குறைத்தது. தனியார் வாகனங்களை அகஸ்தியர்பட்டியில் நிறுத்தி, அங்கிருந்து சிறப்புப் பேருந்துகளில் செல்லும் ஏற்பாடும் வந்தது.

பக்தர்களின் வருத்தமும் பொருளற்றதன்று. பிள்ளைக்கு முடியிறக்கிக் காது குத்த வரும் ஏழைக் குடும்பம், அரிசி மூட்டையும் பாத்திரங்களும் நேர்ந்துவிட்ட கிடாவுமாகப் பேருந்தில் ஏறுவது எளிதா? அருவியைக் கண்டு களிக்க வருபவரையும், தலைமுறைக் கடனைத் தீர்க்க வருபவரையும் ஒரே தராசில் நிறுக்கலாமா? காப்பகம் என்ற பெயர் பிறக்கும் முன்பே பாட்டன் பூட்டன் நடந்த வழியில் இன்று அனுமதி கேட்டு நிற்க வேண்டுமா? இக்கேள்விகளுக்குச் சோதனைச் சாவடியின் பலகை மட்டும் விடையாகாது.

இவர்களினும் மௌனமாக இருப்போர் காணிக்காரர்கள். இம்மலையையே தாயகமாகக் கொண்ட அப்பழங்குடியினருக்குத் திருவிழா முடிந்தாலும் கட்டுப்பாடு முடிவதில்லை. வீட்டுக்குச் செல்லும் பாதையே காப்பகத்தின் பாதை. பக்தரோ பயணியோ விட்டுச்செல்லும் குப்பையும் அவர்கள் வாசலில்தான் கிடக்கிறது. விதி வகுக்கும்போது முதலில் கேட்கப்பட வேண்டியது அவர்கள் குரல்.

தீர்வின் வித்து வழிபாட்டிலேயே உள்ளது. மாலையணிந்து விரதம் காப்பவர் உணவையும் உறக்கத்தையும் சுருக்கிக்கொள்கிறார். அந்த விரதம் காட்டு எல்லையிலும் தொடரலாமே! பழந்துணியை ஆற்றில் விடாமல் திரும்ப எடுத்து வரலாம்; மரத்தை வெட்டாமல் சமைக்கலாம். அரசின் பங்கும் உண்டு. நாள்களைக் குறைப்பதோடு நில்லாமல், முதியோரும் கைக்குழந்தையோடு வரும் தாய்மாரும் சிரமமின்றிச் சென்றுவரப் போதிய பேருந்து, கழிப்பறை, குடிநீர் ஆகியவற்றைச் செய்து தருவது அதன் கடமை. விதிகளை வகுக்கும் முன் குலதெய்வக் குடும்பங்களையும் கலந்து பேசினால் பாதிக் கசப்பு நீங்கும்.

அய்யனுக்குக் கருவறை மட்டும் கோயிலன்று. வனம் முழுதும் அவர் பிராகாரம். பிராகாரத்தில் எவரும் குப்பை போடுவதில்லை. பிராகாரத்திலிருந்து அடியவரை எவரும் விரட்டுவதுமில்லை. இரண்டையும் இருதரப்பும் நினைவில் கொண்டால், அடுத்த ஆடி அமாவாசைக்கும் பட்டவராயரின் செருப்பு தேய்வதற்குக் காடு இருக்கும். அதைக் காணப் பேரப்பிள்ளைகளும் வருவார்கள்.