ஜான் வெய்ன் நடை

ஓர் ஆண் எப்படி நடக்க வேண்டும்? 'தி பேர்ட்கேஜ்' (1996) படத்தில் ஆர்மண்ட் தன் துணைவர் ஆல்பர்ட்டுக்கு இதைத்தான் பாடமெடுக்கிறார். மகனுக்குப் பெண் கொடுக்கப்போகிற சம்பந்தி வருகிறார். அவர் முன்னால் ஆல்பர்ட் ஆம்பளையாகத் தெரிய வேண்டும். ரொட்டியைக் கையாள்வதற்குக்கூடப் பயிற்சி. கௌபாய் படங்களின் நாயகன் ஜான் வெய்ன் மாதிரி நடக்கச் சொல்கிறார். ஆல்பர்ட் இடுப்பை அசைத்து நடந்து காட்டுகிறார். ஆர்மண்ட் திகைத்துப்போகிறார். நடையில் பிசகே இல்லை, அச்சு அசல் ஜான் வெய்ன். அந்த மனிதர் அப்படித்தான் நடப்பார் என்பதை ஆர்மண்ட் இத்தனை காலம் கவனித்ததில்லை.

தன்பாலீர்ப்பாளர்கள் வருகிற நகைச்சுவைப் படங்களை நான் ஒரே கேள்வியை வைத்து எடைபோடுகிறேன்: இந்தச் சிரிப்பில் அடிபடுவது யார்? மேற்சொன்ன காட்சியில் அடி முழுக்க ஆண்மையின் இலக்கணத்தின் மேல் விழுகிறது. ஆல்பர்ட்டுக்குக் கீறல்கூட இல்லை.

கதையின் மூலம் பிரெஞ்சு. ழான் புவாரே எழுதி 1973இல் பாரீஸ் மேடையேறிய நாடகத்தை, 1978இல் எடுவார் மோலினாரோ 'லா காஜ் ஓ ஃபோல்' என்று படமாக்கினார். பிரெஞ்சுப் படமாக இருந்தும் சிறந்த இயக்குநர் உட்பட மூன்று ஆஸ்கர் பரிந்துரைகள் அதற்குக் கிடைத்தன. 1983இல் பிராட்வே இசைநாடகம் ஆனது. பிறகு எலைன் மே திரைக்கதையில், மைக் நிக்கோல்ஸ் இயக்கத்தில், கதை மயாமியின் சவுத் பீச்சுக்குக் குடிபெயர்ந்தது.

அங்கே ஆர்மண்ட் (ராபின் வில்லியம்ஸ்) பெண் வேட நடனக் கிளப் நடத்துகிறார். ஆல்பர்ட் (நேதன் லேன்) அதன் நட்சத்திரம். சம்பந்தியாக வரும் செனட்டர் கீலி (ஜீன் ஹாக்மன்) நாட்டின் ஒழுக்கத்தைக் காக்க அமைப்பு வைத்திருப்பவர். அதே அமைப்பின் இன்னொரு தலைவர் பெரிய அசிங்கத்துக்கு நடுவே செத்துப்போக, பத்திரிகைக்காரர்கள் கீலியைத் துரத்துகிறார்கள். கெட்ட பெயரைக் கழுவிக்கொள்ள அவருக்கு அவசரமாக ஒரு கௌரவமான கல்யாணம் தேவைப்படுகிறது. கடைசியில் கேமராக்களிடமிருந்து தப்ப அவருக்குக் கிடைக்கும் ஒரே வழி, விக்கும் கவுனும் மாட்டிக்கொண்டு அதே கிளப் வழியாக வெளியேறுவது. யாரை ஒழிக்கக் கட்சி கட்டினாரோ, அவர்கள்தான் அவருக்குப் பொட்டும் பூவும் வைத்து வழியனுப்புகிறார்கள்.

படம் வந்தது மார்ச்சில். அதே ஆண்டு செப்டம்பரில், திருமணம் என்றால் ஆணும் பெண்ணும் மட்டுமே என்று வரையறுத்த சட்டத்தில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்டார். அதை மனதில் வைத்துப் பார்த்தால், சாலையோர பெஞ்சில் ஆர்மண்ட் ஆல்பர்ட்டிடம் ஓர் ஒப்பந்தப் பத்திரத்தை நீட்டும் காட்சியின் கனம் புரியும். தாலி கட்ட முடியாதவர் தரக்கூடியது அந்தக் காகிதம்தான். மொத்தப் படத்திலும் எனக்கு மிகப் பிடித்த இடம் அது.

குறையும் உண்டு. வீட்டு வேலைக்காரர் அகடோர், குவாத்தமாலாக்காரர். ஹாங்க் அசாரியா பிரமாதமாகத்தான் நடிக்கிறார். ஆனால் அங்கே சிரிப்பு அவருடைய உச்சரிப்பின் மேல் விழுகிறது. ஏழைக் குடியேறியின் நாக்கைக் கேலி செய்வது இந்தப் படத்துக்கு அடுக்காது. படத்துக்கு வெளியே பயம் எவ்வளவு இருந்தது என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. ஓப்ரா வின்ஃப்ரே நிகழ்ச்சியில் தன்னைப் பற்றிய கேள்வி வந்தபோது வில்லியம்ஸ் பேச்சைத் திசைதிருப்பித் தன்னைக் காப்பாற்றியதாக லேன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். தான் ஒரு தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்ல அவருக்கு 1999 வரை ஆனது.

நம் தமிழ்ப் படங்களின் நகைச்சுவைக் காட்சிகளில் அடி எப்போதும் மென்மையான ஆணின் மேல்தான். அவர் வந்து நிற்பார், குழைவார், நாயகன் அருவருத்து விலகுவார், தியேட்டர் அதிரும். இதைப் பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும் பையன்களை நினைத்தால் எனக்கு இன்றும் வலிக்கிறது. 'கோவா'வில் (2010) வெங்கட் பிரபு ஓர் ஆண் இணையை ஊடலும் பொறாமையும் உள்ள காதலர்களாகவே காட்டினார். கேலி அங்கும் இருந்தது. ஆனாலும் அது துணிச்சல்தான். அந்த வாசலுக்குள் அதிகம் பேர் நுழையவில்லை.

நம் வீடுகளுக்கு மிக நெருக்கமான படம் ஆங் லீயின் 'தி வெடிங் பேங்க்வெட்' (1993). நியூயார்க்கில் சைமனோடு வாழ்கிறான் வை-துங். தைவானிலிருந்து அம்மா கல்யாணம் கல்யாணம் என்று நச்சரிக்கிறாள். கிரீன் கார்டு தேவைப்படும் வெய்-வெய் என்ற ஓவியரை ஒப்புக்குக் கட்டிக்கொள்ள முடிவாகிறது. பெற்றோர் விமானம் ஏறி வந்துவிடுகிறார்கள். சைமன் வீட்டுச் சொந்தக்காரனாக நடிக்கிறான். பதிவுத் திருமணத்தோடு முடித்துவிடலாம் என்று பார்த்தால், அப்பாவிடம் ராணுவத்தில் டிரைவராக இருந்தவர் இப்போது ஓட்டல் நடத்துகிறார். விருந்து வைக்காமல் விடுவாரா? குடி, கூத்து, முதலிரவு அறைக்குள் புகுந்து கலாட்டா. வெய்-வெய் கர்ப்பமாகிறாள்.

இங்கிருந்துதான் படம் உயர்கிறது. அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போக, மகன் அம்மாவிடம் உண்மையைச் சொல்கிறான். அப்பாவிடம் மூச்சுவிடாதே என்கிறாள் அவள். ஆனால் கிழவருக்கு எல்லாம் தெரியும். ஆங்கிலமே தெரியாதவர்போல இருந்தவர், ஒருநாள் சைமனிடம் ஆங்கிலத்தில் பேசி, சிவப்பு உறையில் பணம் வைத்துக் கொடுக்கிறார். வீட்டில் யாரிடமும் சொல்லாதே என்கிறார். அவர்கள் சொன்ன பொய்யை நம்பியதாக நடித்ததால்தானே அவருக்குப் பேரன் கிடைக்கப்போகிறான்! அன்பும் சுயநலமும் இப்படிப் பின்னிக்கிடக்கும் ஒரு தகப்பனை நகைச்சுவைப் படத்தில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பெர்லின் விழாவில் தங்கக் கரடியைப் பகிர்ந்துகொண்டது இந்தப் படம்.

2025இல் ஆண்ட்ரூ ஆன் இதை மறுபடி எடுத்தார். பழைய முடிச்சு அப்படியே செல்லுபடியாகவில்லை. அமெரிக்காவில் 2015லும் தைவானில் 2019லும் தன்பாலினத் திருமணம் சட்டமாகிவிட்டது. அதனால் புதிய கதையில், கட்டிக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்லியும் காதலன் பயந்து தயங்குகிறான். செயற்கைக் கருத்தரிப்புச் செலவுக்காக ஒரு தோழி ஒப்புக் கல்யாணத்துக்குச் சம்மதிக்கிறாள். இங்கே இந்தியாவில் 2018இல் உச்ச நீதிமன்றம் தன்பாலுறவின் மேலிருந்த குற்றம் என்ற பழியை நீக்கியது. 2023இல் திருமண அங்கீகாரம் தர மறுத்துவிட்டது. ஆகவே 1993இன் கதையை மதுரையில் நடப்பதாக எடுக்க, கிரீன் கார்டை மட்டும் மாற்றினால் போதும். மண்டபம், மொய், முதலிரவுக் கலாட்டா, எல்லாம் தெரிந்தும் வாய் திறக்காத அப்பா என்று மீதியெல்லாம் தயாராக இருக்கிறது. யாராவது எடுத்தால் முதல் நாளே போய் உட்காருவேன்.