வாசல் வசூல் உங்களுக்கு

ஆல்பம் இல்லை, ரேடியோவில் பெயர் அடிபடவில்லை, எந்த இசைத்தட்டு நிறுவனமும் சீண்டவில்லை. இப்படிப்பட்ட ஒரு ராக் குழுவுக்கு யார் மேடை தருவார்கள்? 1970களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் அநேகமாக யாரும் தரமாட்டார்கள். பார்களில் வாசிக்கக் கூப்பிட்டாலும் ஊரறிந்த பாட்டுகளைத்தான் கேட்பார்கள். சொந்தமாக எழுதிய பாட்டைப் பாடிக்காட்ட இடமே கிடையாது.

1973 டிசம்பரில் பவரி தெரு 315ஆம் எண்ணில் ஹில்லி கிறிஸ்டல் என்பவர் சிபிஜிபி என்ற பாரைத் திறந்தார். போக்கிடமற்றவர்கள் படுத்துறங்கும் மலிவு விடுதி மாடியில் இருந்தது. கண்ட்ரி, புளூ கிராஸ், புளூஸ் என்ற இசை வகைகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துத்தான் கடைக்குப் பெயர் வைத்திருந்தார். ஆனால் 1974 மார்ச் 31, ஞாயிற்றுக்கிழமை இரவு அங்கே வாசித்தது டெலிவிஷன் என்ற ராக் குழு. அவர்களுடைய இசை கிறிஸ்டலுக்கு முதலில் பிடிக்கவே இல்லை. இருந்தும் மேடையை மூடாமல் விட்டாரே, அங்கேதான் விஷயம் இருக்கிறது.

அவர் வகுத்த ஏற்பாடு எளிமையானது. வாசலில் வசூலாகும் டிக்கெட் காசு குழுவுக்கு, பார் கல்லாவில் விழுவது கடைக்கு. பத்துப் பேர் வந்தாலும் அவருக்குக் கைநஷ்டமில்லை. அதனால் முன்பின் கேள்விப்படாத குழுவையும் துணிந்து மேடையேற்ற முடிந்தது. இன்னொரு விதி, சொந்தப் பாட்டைத்தான் வாசிக்க வேண்டும். அடுத்தவர் பாட்டை வாசித்தால் உரிமத் தொகை கட்ட வேண்டும் என்ற கணக்கும் இதில் உண்டு. எந்தக் காரணத்தால் வந்த விதியானாலும், எழுதத் தெரிந்தவர்களெல்லாம் அந்த வாசலுக்கே வந்து சேர்ந்தார்கள்.

அங்கே வாசித்த குழுக்காரர்கள் மற்ற இரவுகளில் டிக்கெட் இல்லாமல் உள்ளே வர முடிந்தது. டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் டேவிட் பைர்ன் இதைப் பின்னாளில் தம் நூலில் முக்கியமாகக் குறிப்பிடுகிறார். புதிய குழுவுக்கு முதல் ரசிகர்கள் மற்ற குழுக்காரர்களே. அவர்கள் கையில் ஒரு கோப்பை பீர், அதற்கான காசு கல்லாவில். ராமோன்ஸ் குழு 1974 ஆகஸ்டில் முதல்முறை அங்கே ஏறியது. 1975 ஜூனில் அந்த ராமோன்ஸுக்கு முன்னால் வாசித்துத்தான் டாக்கிங் ஹெட்ஸ் தன் கணக்கைத் தொடங்கியது.

ஆட்கள் வருவதால் கல்லா மட்டுமல்ல, காதில் விழும் இசையும் மாறுகிறது. என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான். 1895இல் ஹார்வர்டில் ஒரு விரிவுரை அரங்கில் யார் பேசினாலும் சொல்லெல்லாம் குழம்பிப் போயிற்று. காரணம் கண்டறியும் வேலை வாலஸ் சாபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர் தலையில் விழுந்தது. பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து அடுக்குவார். ஆர்கன் குழல் ஒன்றை ஒலிக்கவிட்டு நிறுத்தி, மிச்ச ஒலி அடங்க எத்தனை வினாடி என்று காதாலேயே அளப்பார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்துவிடுவார். காலி அரங்கில் ஒலி அடங்க ஐந்தரை வினாடி ஆயிற்று. மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. அதிலிருந்து வந்த சூத்திரம் சொல்வது இது: எதிரொலி நேரம் அறையின் கன அளவுக்கு ஏற்பக் கூடும், உள்ளே ஒலியை உறிஞ்சும் பரப்புக்கு ஏற்பக் குறையும்.

மனித உடலும், உடுத்திய துணியும் ஒலியை நன்றாகவே உறிஞ்சும். திறந்த ஜன்னல் வழியே வெளியே போன ஒலி திரும்பி வராது; ஒரு ஆள் ஏறத்தாழ அரைச் சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம். 600 கன மீட்டர் உள்ள ஒரு சிறிய கூடத்தை எடுத்துக்கொள்வோம். காலியாக இருக்கும்போது ஒலி அடங்க 1.2 வினாடி என்றால், 150 பேர் வந்து நின்றதும் அது 0.6 வினாடிக்கு இறங்கிவிடும். காலிக் கல்யாண மண்டபத்தில் கும்மென்று முழங்கும் மைக், பந்திக்கு ஆள் சேர்ந்ததும் தெளிவது இதனால்தான். மாலை சவுண்ட் செக்கில் கேட்ட ஒலியை வைத்து ராத்திரி ஒலியை முடிவுகட்டக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

ராமோன்ஸ் வேகத்தில் டிரம்ஸ் வினாடிக்கு ஏறத்தாழ மூன்று அடி விழும். பெரிய தேவாலயத்தில் வாசித்தால் ஒவ்வொரு அடியும் முந்தைய அடியின் முழக்கத்தில் மூழ்கிப்போகும். சிபிஜிபியோ நீண்டு குறுகிய கூடம். ஒரு பக்கம் முழுக்க பார் மேசை, கோணல்மாணலான சுவர்கள், தட்டுமுட்டுச் சாமான்கள். அவை ஒலியைச் சிதறடித்தன, கூட்டம் உறிஞ்சியது. பைர்ன் சொல்வதும் இதைத்தான், அங்கே எதிரொலி குறைவு என்பதால் நுணுக்கமெல்லாம் கேட்டது. தெரிந்த பாட்டென்றால் சொல் புரியாவிட்டாலும் கேட்பவர் நிரப்பிக்கொள்வார். யாரும் கேட்டிராத பாட்டின் வரி முதல் தடவையே காதில் விழுந்தாக வேண்டும். பெயரில்லாத குழுவுக்குப் பெரிய அரங்கைவிடச் சிறிய, நெரிசலான கூடம் நல்லது என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான்.

ஆகவே முதல் மேடை தேடும் குழு சிறிய கூடம் ஒன்றில், கடைக்காரருக்கு இழக்க அதிகமில்லாத வாரநாள் இரவைக் கேட்பது நல்லது, இன்னொரு குழுவுக்கு முன்னால் அரைமணி நேரம் கிடைத்தாலும் போதும். எத்தனை பேரை அழைத்து வர முடியும் என்பதற்கு நேர்மையான எண் ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். தன் நேரம் முடிந்ததும் கிளம்பிவிடாமல், அடுத்த குழுவைக் கேட்க அங்கேயே நிற்க வேண்டும்.

1975 கோடையில் கிறிஸ்டல் ஒரு விழா நடத்தினார். இசைத்தட்டு வராத 40 நியூயார்க் குழுக்கள் என்று விளம்பரம் செய்தார். பத்திரிகைக்காரர்கள் திரண்டு வந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அதே மேடையில் பாடிய பாட்டி ஸ்மித் என்ற பாடகியின் முதல் ஆல்பம் கடைக்கு வந்தது. 1976 ஏப்ரலில் ராமோன்ஸின் முதல் ஆல்பம் வந்தது. 14 பாட்டு, மொத்தம் 29 நிமிடம். பெரும்பாலானவை பவரி மேடையில் ஏற்கெனவே வாசித்துத் தேய்த்தவை.