உறுமும் வேதாந்தம்

அத்வைதமா, விசிஷ்டாத்வைதமா என்ற வழக்கு திருச்சிக்குப் பழையது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஒரே தீவில் ஒரு பக்கம் ராமானுஜரின் ஸ்ரீரங்கம். மறுபக்கம் திருவானைக்கா, அங்கே அகிலாண்டேஸ்வரிக்கு ஆதிசங்கரர் தாடங்கம் சார்த்தியதாகச் சொல்வார்கள். இந்த வழக்கில் சங்கரரின் அத்வைதக் கட்சிக்காக முப்பது வருடங்களுக்கும் மேலாக எலெக்ட்ரிக் கிதாரோடு நின்று வாதாடும் ஒரு குழு சிங்கப்பூரில் இருக்கிறது. பெயர் ருத்ரா. வாசிப்பது டெத் மெட்டல்.

1992-ல் தொடங்கிய குழு. கதிர் பாடுகிறார், பேஸ் கிதாரும் அவரே. டிரம்ஸில் சிவா. கிதார் கலைஞர்கள் வந்திருக்கிறார்கள், போயிருக்கிறார்கள். முதல் ஆல்பம் 1998-ல் குழுவின் பெயரிலேயே வந்தது. தங்கள் இசைக்கு அவர்களே வைத்துக்கொண்ட பெயர் ‘வேதிக் மெட்டல்’.

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானம் இருக்கிறது. தென்னூர், தில்லைநகர், உறையூர் பக்கம் உறவுக்காரர் ஒருவராவது அங்கே இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கோடாலித் தைலமும் சாக்லேட்டும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. இந்த இசை மட்டும் வந்து சேரவில்லை. இங்கே மெட்டல் கேட்க ஆளில்லாமல் இல்லை. அயர்ன் மெய்டன் 2007-லும் மெட்டாலிகா 2011-லும் பெங்களூருக்கு வந்தபோது ராத்திரி மைசூர் எக்ஸ்பிரஸைப் பிடித்துப் போன தலைமுறை ஒன்று இந்த ஊரிலும் உண்டு. அவர்களிலும் எத்தனை பேர் ருத்ராவைக் கேட்டிருப்பார்கள் என்பது சந்தேகம்தான். அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

டெத் மெட்டல் என்றாலே மண்டை ஓடும் கல்லறையும் நினைவுக்கு வருவது நியாயம்தான். 1985-ல் பொஸஸ்ட் குழுவின் ‘செவன் சர்ச்சஸ்’, 1987-ல் டெத் குழுவின் ‘ஸ்க்ரீம் பிளடி கோர்’ என்று அமெரிக்காவில் அது உருவானபோது பாடுபொருள் சாவும் சாத்தானும்தான். கிதார் கம்பிகளைத் தளர்த்திச் சுருதியை இறக்குவார்கள். இரண்டு காலாலும் பேஸ் டிரம்மை உதைத்து வாசிப்பார்கள். பாட்டு அடிவயிற்றிலிருந்து எழும் உறுமல். குரல்நாண்களுக்குச் சற்று மேலே இருக்கும் பொய்க்குரல் மடிப்புகளை அதிரவைத்து எடுக்கும் ஒலி அது. பழகாதவர் முயன்றால் ஒரே நாளில் தொண்டை கட்டிவிடும்.

அந்த உறுமலில் உபநிடதத்தைச் சொன்னால் என்ன ஆகும்? 2005-ல் வந்த ‘பிரம்மவித்யா: பிரைமார்டியல் ஐ’ ஆல்பத்தைக் கேட்டால் தெரியும். மூன்று ஆல்பங்களின் வரிசையில் அது முதலாவது. 2009-ல் ‘டிரான்ஸெண்டெண்டல் ஐ’, 2011-ல் ‘இம்மார்ட்டல் ஐ’ தொடர்ந்து வந்தன. மூன்று தலைப்பிலும் கடைசியில் நிற்பது ‘நான்’. அந்த நான் யார் என்ற விசாரணைதான் மூன்று ஆல்பங்களுக்கும் பொருள். பிருகதாரண்யக உபநிடதத்தின் மகாவாக்கியமான ‘அஹம் பிரம்மாஸ்மி’ ஒரு பாட்டின் தலைப்பு. ‘பகவத்பாத நமஸ்காரா’ சங்கரருக்கு வணக்கம்.

சமஸ்கிருதத்தை மேலே தூவி அழகு பார்க்கும் இசை இது இல்லை. உறுமலில் ராகம் நிற்காது. ஏற்ற இறக்கம் கழன்று போனபின் எஞ்சுவது எழுத்தும் அழுத்தமும் தாளமும்தான். வேதம் ஓதுவதும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது: உதாத்தம், அனுதாத்தம், ஸ்வரிதம் என்று கைவிரல் அளவே உள்ள சுர வட்டத்துக்குள் எழுத்து பிசகாமல் நகரும் ஓதல். கீதையின் பெரும்பகுதி அனுஷ்டுப் சந்தத்தில் இருக்கிறது. எட்டெட்டு எழுத்தாக நாலு பாதம், மொத்தம் 32. கிதாரில் திரும்பத் திரும்ப வரும் அடித்துண்டும் பெரும்பாலும் நாலிலும் எட்டிலும்தான் சுழல்கிறது. அதனால் சுலோகம் கிதாரின் மேல் வந்து உட்காரும்போது எங்கேயும் பிதுங்குவதில்லை. ரசிக ரஞ்சன சபாவில் கச்சேரி கேட்டுப் பழகியவர்கள் இதற்கும் ஆதிதாளம் போட்டுப் பார்க்கலாம். சிவாவின் கால்கள் எவ்வளவு வேகமாக ஓடினாலும் சமம் வந்து விழும் இடம் கைக்குத் தெரியும்.

கீழ்க்கம்பி ஒன்றே திரும்பத் திரும்ப அதிர்ந்துகொண்டிருக்க, அதன்மேல் பல குரல்கள் சேர்ந்து ஓதும் இடங்களைத்தான் நான் அதிகம் கேட்கிறேன். தென்னூர் ஹைரோட்டில் பஸ் ஹாரன் ஓயாத மாலை நேரத்திலும் ஹெட்போனுக்குள் அந்த அதிர்வு தம்பூரா போல நிலைத்து நிற்கிறது.

மந்திரத்தை இப்படி அலறலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு ஸ்ரீரங்கத்தின் கதையையே சொல்ல வேண்டும். பதினெட்டு முறை திருக்கோஷ்டியூருக்கு நடந்து பெற்ற ரகசியத்தை, யாருக்கும் சொல்லாதே என்ற குருவின் கட்டளையை மீறி, கோயிலின் உச்சியில் ஏறி ஊருக்கே கூவிச் சொன்னவர் ராமானுஜர் என்கிறது வைணவ மரபு. ருத்ராவின் சித்தாந்தத்தை அவர் ஏற்றிருக்க மாட்டார். 2016-ல் வந்த ஆல்பத்துக்கு ‘எனிமி ஆஃப் டூவாலிட்டி’ என்றே பெயர். ஜீவனும் ஈசுவரனும் வேறல்ல என்று அடித்துச் சொல்லும் அந்தத் தலைப்போடு ராமானுஜரின் ஸ்ரீபாஷ்யம் படித்தவர்கள் நிச்சயம் மல்லுக்கு நிற்பார்கள். நிற்கட்டும். ஆனால் பூட்டி வைத்ததை உரக்கச் சொல்லும் துணிவு இரண்டு பக்கத்துக்கும் பொது.

எனக்கு ஒப்பாத இடம் ஒன்று உண்டு. 2001-ல் வந்த இரண்டாம் ஆல்பத்தின் பெயர் ‘தி ஆரியன் குரூசேட்’. தென்னூரை ஒட்டிய புத்தூரில் பெரியார் மாளிகை இருக்கிறது. அந்த வாசலைக் கடந்து போய்வருபவன் காதில் இந்தத் தலைப்பு நெருடாமல் இருக்காது. ஆன்மிகப் பொருளில் வைத்த பெயராகவே இருக்கட்டும், நூறாண்டு அரசியலை அந்தச் சொல்லிலிருந்து உரித்துவிட முடியாது. தமிழர்கள் நடத்தும் குழு வேறு பெயர் தேடியிருக்கலாம்.

ஆனாலும் அவர்கள் நின்ற இடத்தையும் பார்க்க வேண்டும். தைப்பூச ஊர்வலத்தில் மேளம் கொட்டுவதற்கு 1973 முதல் கட்டுப்பாடு இருந்த நகரம் சிங்கப்பூர். 2016-ல்தான் வழியில் சில இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி வந்தது. சீனர் பெரும்பான்மையாக வாழும் ஊரில், ஆங்கிலக் கல்வி பெற்ற தமிழ் இளைஞன் தான் யார் என்று சொல்லிக்கொள்ள இந்த இசையைக் கையில் எடுத்தான். இதை அங்குள்ள இசை ஆய்வாளர் யூஜின் தைரியநாதன் ஆராய்ந்து 2009-ல் கட்டுரையாக வெளியிட்டார். நாம் காது கொடுக்கும் முன்பே பல்கலைக்கழகம் காது கொடுத்துவிட்டது.

புதிதாகக் கேட்பவர்கள் 2009 ஆல்பத்தின் ‘ஹிம்ஸ் ஃப்ரம் தி பிளேஸிங் சேரியட்’ பாட்டில் தொடங்கலாம். கீதை தெரிந்த காதுக்கு அது சுலபமான வாசல். பிறகு 2005-க்குப் போகலாம். வரிகள் சில இடங்களில் பாட்டாக இல்லாமல் பாடமாகிவிடுகின்றன. வேதாந்தச் சொற்கள் மூட்டையாகக் குவியும்போது கிதாரே மூச்சு வாங்குகிறது. அந்த இடங்களில் பொறுமை வேண்டும்.

இன்னொரு குறையும் எனக்கு உண்டு. இவர்கள் பாடுவது பெரும்பாலும் ஆங்கிலமும் சமஸ்கிருதமும்தான். தமிழில் அத்வைதம் பேச நூல் இல்லையா? தாண்டவராய சுவாமிகளின் ‘கைவல்ய நவநீதம்’ இருக்கிறது. அதைவிட, நாயக்கர் அரசவையில் வேலை பார்த்த தாயுமானவர் இருக்கிறார். மலைக்கோட்டைச் சுவாமியின் பெயரைத் தாங்கிய நம்ம ஊர்க் கவி. மூச்சு முட்டும் அளவுக்கு நீளும் அவருடைய விருத்தங்களைக் கதிர் ஒருமுறை உறுமிக் கேட்க வேண்டும்.