ஆபரேஷன் முடிந்தது... அப்புறம்?

“சித்த வைத்தியருக்கு ஆபரேஷன் சமாசாரத்தில் என்ன வேலை?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் குமரி மாவட்டத்தில் ஆண்மைக் குறைவு என்றால், பெரும்பாலானவர்கள் முதலில் படியேறுவது எங்களைப் போன்றவர்களிடம்தான். மருந்தில் சரியாகாத சிலர் திருவனந்தபுரம், சென்னை என்று போய் ஆணுறுப்புக்குள் செயற்கைக் கருவி பொருத்திக்கொண்டு வருகிறார்கள். வந்த பிறகு சந்தேகம் வந்தால், ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேட்கக் கூச்சம். மறுபடியும் எங்களிடமே வந்து, தலையைக் குனிந்தபடி, “வைத்தியரே, வீக்கம் வத்த ஏதாவது எண்ணெய் உண்டுமா?” என்று கேட்கிறார்கள். அந்தக் கூச்சத்தால் வரும் நஷ்டம் பெரியது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கருவியைப் பற்றி. ஆணுறுப்புக்குள் பஞ்சு போன்ற இரண்டு குழாய்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கிளர்ச்சி வரும்போது அவற்றில் ரத்தம் பாய்ந்து தேங்குவதால் விறைப்பு உண்டாகிறது. எங்கள் நூல்கள் மதுமேகம் என்று சொல்லும் நீரிழிவு பல வருடம் கட்டுக்குள் இல்லாமல் இருந்தால், ரத்தக் குழாய்களும் நரம்புகளும் கெட்டுப்போய் இந்த வேலை நின்றுவிடும். புராஸ்டேட் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகும் இப்படி ஆவதுண்டு. அந்த இரண்டு பஞ்சுக் குழாய்களுக்குள்ளும் ஆளுக்கொன்றாக நீளமான பலூன் போன்ற உருளைகளை வைத்துவிடுகிறார்கள். அடிவயிற்றுக்குள், மூத்திரப்பைக்குப் பக்கத்தில், உப்புநீர் நிரப்பிய ஒரு சின்னப் பை. விதைப்பைக்குள் ஒரு பம்ப். மூன்றையும் மெல்லிய குழாய்கள் இணைக்கின்றன. எல்லாம் உள்ளேதான். வெளியே ஒன்றும் தெரியாது.

1973-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் டாக்டர் ஸ்காட்டும் அவருடைய சகாக்களும் இதை உலகுக்கு அறிவித்தார்கள். இதற்குச் சில லட்சங்கள் செலவாகும். நம் நாட்டில் மும்பை டாக்டர் ரூபின் ஷா வடிவமைத்த, வளைத்து நிமிர்த்தும் தண்டு வகையும் உண்டு. விலை குறைவு, பம்ப் கிடையாது, பழகவும் பெரிதாக ஒன்றும் இல்லை. வசதி குறைந்தவர்களுக்கு அது நல்ல வழி. ஆனால் எப்போதும் ஓரளவு விறைப்பாகவே இருக்கும். வேட்டி கட்டுகிறவர் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும்!

ஒன்றை மனதில் வையுங்கள். பஞ்சுக் குழாய்க்குள் கருவி வைத்த பிறகு இயற்கையான விறைப்பு திரும்ப வராது. அதனால்தான் 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சில்டெனாபில் போன்ற மாத்திரைகள், ஊசி, வெற்றிடக் குழாய் எல்லாவற்றையும் முயன்று பார்த்த பிறகு, கடைசிப் படியாக இதற்கு வருகிறார்கள். லாட்ஜில் ரூம் போட்டு “ஒரே வாரத்தில் வீரியம்” என்று லேகியம் விற்கிறவர்களிடம் பணத்தைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. மூலிகை என்று விற்கப்படும் சில சரக்குகளில் இந்த மாத்திரையையே பொடித்துக் கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது உயிருக்கே ஆபத்து.

முதல் மாதம்: தொடாதீர்கள், தொடவும் விடாதீர்கள்

எங்கள் மாவட்டம் வர்மத்துக்குப் பேர்போன மண். அடிபட்டாலும் வீங்கினாலும் ஆசானிடம் போய் எண்ணெய் போட்டுத் தடவுவது பழக்கம். அந்தப் பழக்கத்தில் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர், அடிவயிற்றிலும் தொடையிடுக்கிலும் தடவல் வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? ஆறாத தையல் விட்டுப்போகலாம், குழாய் இடம் மாறலாம், கிருமி உள்ளே போகலாம். கருவியில் கிருமி புகுந்துவிட்டால் மருந்தால் மட்டும் அதை விரட்டுவது கடினம். பெரும்பாலும் மொத்தத்தையும் வெளியே எடுக்க வேண்டிவரும். எடுத்த இடத்தில் தழும்பு இறுகி, மறுபடி வைப்பது கஷ்டமாகும், நீளமும் குறையும். ஆகவே தடவல், பற்று, பச்சிலை, வறுத்த உப்பு ஒத்தடம் எதுவும் இப்போது வேண்டாம். இதைச் சொல்கிறவன் சித்த வைத்தியன்!

விதைப்பை வீங்கிக் கன்றிப்போவது முதல் ஒன்றிரண்டு வாரம் சகஜம்தான். ஆனால் குறைந்துகொண்டே வர வேண்டும். குறைந்த வலி மறுபடி கூடினாலோ, காய்ச்சல், சீழ் வந்தாலோ, பம்ப் தோலோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்தாலோ, அன்றைக்கே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போய்விடுங்கள். சர்க்கரை இந்தச் சமயத்தில் கட்டுக்குள் இருந்தே ஆக வேண்டும். பஸ்பம், செந்தூரம் ஏதாவது சாப்பிட்டு வந்தால் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு விஷயம் பலருக்குப் புரிவதில்லை. “கருவி வச்சாச்சுல்லா, பிறகு எதுக்கு ஒரு மாசம் சும்மா இருக்கணும்?” என்பார்கள். நம் உடம்பு, உள்ளே வந்த அந்நியப் பொருளைச் சுற்றி ஓர் உறை கட்டிக்கொள்ளும். வயிற்றுக்குள் இருக்கும் நீர்ப்பை நிறைந்திருக்கும்போது அந்த உறை உருவானால், பைக்குத் தாராளமாக இடம் கிடைக்கும். பை பாதி காலியாக இருக்கும்போது உருவானால் உறை சின்னதாகிவிடும். பிறகு நிரம்பும்போதெல்லாம் அது பையை நெருக்கி, நீரைத் தானாகவே உருளைகளுக்குத் தள்ளிவிடும். சந்தைக்குப் போகிற வழியில் விறைப்பு வந்தால் என்ன செய்வது? இதைத் தடுக்கும் வால்வு இப்போதைய கருவிகளில் உண்டு என்றாலும், காத்திருப்பதுதான் நல்லது. இந்த நாட்களில் டாக்டர் சொன்ன பிறகு, தினமும் ஒரு முறை பம்பை மெதுவாகக் கீழ்நோக்கி இழுத்துவிட வேண்டும். மேலே ஏறி ஒளிந்துகொண்டால் பிறகு விரலுக்கு அகப்படாது.

பழகுவது எப்படி?

சுமார் 4 முதல் 6 வாரத்தில் டாக்டர் கூப்பிட்டு இயக்கக் கற்றுக்கொடுப்பார். தயவுசெய்து இந்த நாளைத் தவறவிடாதீர்கள். கூச்சப்பட்டு இதற்குப் போகாமல், சில லட்சம் செலவழித்த கருவியை ஒரு தடவைகூட இயக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். பெட்டியில் பூட்டிய நகை மாதிரி. வீட்டில் அவருக்கும் மனைவிக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோய்விட்டது.

ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ரப்பர் பல்பை அமுக்க அமுக்கக் கையில் கட்டிய பட்டை இறுகும். திருகைத் திறந்தால் தளரும். இதுவும் கிட்டத்தட்ட அதுதான். காற்றுக்குப் பதில் உப்புநீர், திருகுக்குப் பதில் ஒரு பட்டன். விதைகளுக்கு இடையில் பம்பைத் தடவிப் பாருங்கள். கீழே மெத்தென்ற பல்பு, அதற்கு மேலே கெட்டியான கட்டை மாதிரி ஒரு பாகம், அதில் பட்டன். விதையையும் பல்பையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அமுக்கினால் எது எது என்று உடனே தெரிந்துவிடும்!

ஒரு கையால் பம்பை நழுவாமல் பிடித்துக்கொண்டு, மறு கையின் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பல்பை முழுசாக அமுக்கி, முழுசாக விட வேண்டும். பல்பு மறுபடி உப்பிய பிறகுதான் அடுத்த அமுக்கு. அவசரப்பட்டுப் படபடவென்று அமுக்கினால் நீர் ஏறாது. முதல் அமுக்கு மட்டும் பலருக்குக் கடினமாக இருக்கும். வால்வு திறந்தவுடன் லேசாகிவிடும். கருவியைப் பொறுத்தும் ஆளைப் பொறுத்தும் 10, 20 தடவை அமுக்க வேண்டியிருக்கும். பல்பு கெட்டியாகி மேலே அமுங்கவில்லை என்றால் போதும். தளர்த்த, பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்துவிட்டு, உறுப்பை உள்ளங்கையால் மெதுவாக அமுக்கிக் கொடுத்தால் நீர் பைக்குத் திரும்பிவிடும்.

தையல் நன்றாக ஆறிய பிறகு, வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்துவிட்டுப் பழகுங்கள். விதைப்பை தளர்ந்து பம்ப் சுலபமாகக் கைக்கு வரும். டாக்டர் சொல்லும் வாரங்கள் வரை தினமும் நிரப்பி, சொன்ன நேரம் வைத்திருந்து, தளர்த்த வேண்டும். முதல் சில நாள் வலிக்கத்தான் செய்யும். “இன்னும் இயலல” என்று நிறுத்திவிடாதீர்கள். உறவுக்கு டாக்டர் அனுமதிக்கும்வரை பொறுங்கள்.

இங்கே ஒரு சிக்கல். நீரிழிவால் விரல் நுனி மரத்துப்போனவர்களுக்குப் பட்டன் தட்டுப்படாது. பல வருடம் ரப்பர் பால் வெட்டி, மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கைக்கும் அப்படித்தான். தொந்தி பெருத்தவர் குனிந்து பார்க்கவே முடியாது. இப்படிப்பட்டவர்களுக்கு மனைவியின் கைதான் உதவி. அதனால் பயிற்சி நாளில் மனைவியையும் கூட்டிப்போங்கள். ஒரு அம்மா என்னிடம், “வைத்தியரே, நான் அமுக்கி ஒடஞ்சிற்றுன்னா?” என்று பயந்து கேட்டார். விரலால் அமுக்குவதற்கென்றே செய்தது அம்மா, ஒடையாது என்றேன். அவருக்கு மனதில் வேறு ஒரு கேள்வியும் இருந்தது: “அவருக்கு என்மேல ஆசை வந்து எழும்பல, பம்பு அடிச்சுல்லா எழும்புது!”

இந்தச் சந்தேகம் பல பெண்களுக்கு வரும். வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். கருவி விறைப்பை மட்டும்தான் தருகிறது. ஆசை, தொடு உணர்ச்சி, உச்சம் எல்லாம் ஆபரேஷனுக்கு முன் இருந்தபடியே இருக்கும். பம்பை அமுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றுவதே ஆசையால்தானே? அதே சமயம் நீளம் கூடும், இருபது வயது திரும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். மொட்டுப் பகுதி முன்போல் உப்பாமல் இருக்கலாம். விந்து வெளியான பிறகும் பட்டனை அழுத்தும்வரை விறைப்பு நீடிக்கும். இதற்குப் பயப்பட வேண்டாம்.

கருவி பத்து வருடத்துக்கு மேல் ஓடுவது சகஜம். ஆயுள் முழுக்க ஓடும் என்று உத்தரவாதம் கிடையாது. நீர் கசிந்தால் பம்ப் அமுங்கும், விறைப்பு வராது. உப்புநீர்தான் என்பதால் உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் மறு ஆபரேஷன் தேவைப்படும்.

ஆஸ்பத்திரியில் தந்த கருவி அட்டையை லேமினேட் செய்து சட்டைப் பையில் வைத்திருங்கள். வேறு எதற்காவது அட்மிட் ஆகி மூத்திரக் குழாய் போட வந்தால், முதலில் அட்டையைக் காட்டி, கருவி தளர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே போடச் சொல்லுங்கள். குடலிறக்க ஆபரேஷன் செய்யும் டாக்டருக்கும் தெரிய வேண்டும். கத்தி போகும் இடத்துக்குப் பக்கத்தில்தான் நீர்ப்பை இருக்கிறது. விரைவாதம் என்று நினைத்து விதைப்பையில் ஊசி குத்தி நீர் எடுக்க யாரையும் விடாதீர்கள். அட்டை எங்கே இருக்கிறது என்று மனைவிக்கோ மூத்த மகனுக்கோ சொல்லிவையுங்கள். மயக்கத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் நீங்கள் பேச முடியாது.