எரிகுழிப் புகையும் ஏட்டில் ஏறாத சைனஸும்

ஈராக்கின் பலாத் படைத்தளத்தில் ஏறத்தாழ 10 ஏக்கர் பரப்பில் ஒரு குழி இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தது. சாப்பாட்டு மிச்சம், பிளாஸ்டிக் புட்டி, டயர், பேட்டரி, பெயின்ட் டப்பா, மருத்துவக் கழிவு எல்லாம் அதற்குள் போயின. பற்றவைக்க விமான எரிபொருள். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்கப் படை தங்கிய பல இடங்களில் இதே கதைதான். அந்தக் கரும்புகையையும் பாலைவனப் புழுதியையும் மாதக்கணக்கில் சுவாசித்தவர்கள், வீடு திரும்பிய பிறகு மூக்கடைப்பு, தலைபாரம், இளைப்பு, ஓயாத இருமல் என்று மருத்துவமனை ஏறினார்கள்.

இழப்பீடு கேட்டவர்களிடம், வி.ஏ. என்று எல்லோரும் அழைக்கும் முன்னாள் படைவீரர் துறை, “பணியால்தான் நோய் வந்தது என்று நிரூபியுங்கள்” என்றது. 2007 முதல் 2020 வரை எரிகுழி தொடர்பாக வந்த சுமார் 12,500 கோரிக்கைகளில் ஏற்கப்பட்டவை 2,800 அளவில்தான்.

நிரூபிப்பது ஏன் அவ்வளவு கடினமாக இருந்தது? கென்டக்கியின் ஃபோர்ட் கேம்ப்பெல் முகாமிலிருந்து மூச்சுத்திணறலோடு வந்த வீரர்களை வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். போருக்குப் போகுமுன் நன்றாக ஓடிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். 80 பேரில் 49 பேருக்கு நுரையீரல் திசுவை எடுத்துப் பார்த்தபோது, 38 பேருக்கு மூச்சுச் சிறுகுழல்கள் தழும்பேறிச் சுருங்கியிருந்தன. ஆனால் அவர்களில் பலருக்கு எக்ஸ்ரேயிலும் மூச்சுத்திறன் சோதனையிலும் பெரிய கோளாறு எதுவும் தெரியவில்லை. 2011-இல் இந்த ஆய்வு வெளிவந்தது. நெஞ்சைத் திறந்து பார்த்தால் மட்டும் தெரிகிற நோயை, ஒரு சாதாரண சிப்பாய் எந்தக் காகிதத்தைக் காட்டி நிரூபிப்பார்?

இந்தச் சுமையை இறக்கியது 2022 ஆகஸ்ட் 10-இல் அதிபர் பைடன் கையெழுத்திட்ட பேக்ட் சட்டம். நுரையீரல் புற்றுநோயால் 2020-இல் இறந்த ஒஹையோ படைவீரர் ஹீத் ராபின்சனின் பெயரைத் தாங்கியது அது. சட்டம் சொல்வது இதுதான்: குறிப்பிட்ட நாடுகளில், குறிப்பிட்ட காலத்தில் பணியாற்றியவருக்குப் பட்டியலில் உள்ள நோய் இருந்தால், பணியே காரணம் என்று அரசு எடுத்துக்கொள்ளும். நாள்பட்ட சைனஸ் அழற்சி, நாள்பட்ட மூக்கழற்சி, பணிக்குப் பின் கண்டறியப்பட்ட ஆஸ்துமா, நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சி, சி.ஓ.பி.டி. எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், நுரையீரல் நார்த்தழும்பு, சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய் ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு. ஈராக், குவைத், சவுதி, பஹ்ரைன், கத்தார், ஓமன், ஐக்கிய அரபு அமீரகம், சோமாலியா என்றால் 1990 ஆகஸ்ட் 2 முதல் இருந்தவர்கள். ஆப்கானிஸ்தான், சிரியா, ஜோர்டான், எகிப்து, லெபனான், ஏமன், ஜிபூட்டி, உஸ்பெகிஸ்தான் என்றால் 2001 செப்டம்பர் 11 முதல் இருந்தவர்கள். சைனஸ், மூக்கழற்சி, ஆஸ்துமா மூன்றையும் 2021-இலேயே வி.ஏ. ஏற்றிருந்தது; ஆனால் பணி முடிந்து பத்தாண்டுக்குள் நோய் தலைகாட்டியிருக்க வேண்டும் என்ற கெடு இருந்தது. அந்தக் கெடு இப்போது இல்லை.

இதில் தமிழர்களுக்கு என்ன என்று கேட்கலாம். பிறமொழி அறிந்த வெளிநாட்டவரை அமெரிக்க ராணுவம் நேரடியாகச் சேர்த்துக்கொண்ட மாவ்னி என்ற திட்டம் 2008-இல் அறிவிக்கப்பட்டபோது, அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. அப்படிச் சேர்ந்தவர்களும், அங்கேயே பிறந்து வளர்ந்து சீருடை அணிந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஊர் திரும்பி இங்கேயே தங்கிவிட்டாலும் உரிமை போய்விடாது. பணியால் வந்ததாக ஏற்கப்பட்ட நோய்க்கு வெளிநாட்டில் ஆகும் சிகிச்சைச் செலவைத் தர வி.ஏ.விடம் தனித் திட்டமே உண்டு.

காரணத்தை நிரூபிக்கும் வேலை முடிந்தது. நோய் எவ்வளவு கடுமை என்று காட்டும் வேலை முடியவில்லை, பலர் கோட்டை விடுவதும் இங்கேதான். சைனஸுக்கு வி.ஏ. தரும் மதிப்பீடு 0, 10, 30, 50 சதவீதம் என்று நான்கு படிகளில் இருக்கிறது. எக்ஸ்ரேயில் மட்டும் தெரிந்தால் 0. தலைவலி, வலி, சீழ்ச்சளி அல்லது பொருக்கோடு ஆண்டுக்கு மூன்று முதல் ஆறு முறை வந்தால் 10. ஆறுக்கு மேல் போனால் 30. மருத்துவர் படுக்கையில் ஓய்வெடுக்கச் சொல்லி, நான்கு முதல் ஆறு வாரம் ஆன்டிபயாடிக் சாப்பிட வேண்டிய அளவுக்கு ஆண்டில் மூன்று முறை முடக்கினாலும் 30. பல அறுவை சிகிச்சைக்குப் பிறகும் ஏறக்குறைய எப்போதும் தொல்லை இருந்தால் 50. கவனியுங்கள், பெரும்பாலும் எண்ணிக்கைதான். ஆண்டுக்கு எட்டு முறை அவதிப்பட்டு இரண்டு முறை மட்டும் மருத்துவரிடம் போனவரின் ஏட்டில் இருப்பது இரண்டுதான். மற்ற ஆறும் மருந்துக்கடை மாத்திரையோடு காற்றில் போய்விடும்.

ஆகவே ஒவ்வொரு முறை வரும்போதும் தேதி, எத்தனை நாள், என்ன சளி, வேலைக்கு விடுப்பு எடுத்தீர்களா, என்ன மருந்து என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நேரில் போக முடியாவிட்டால் மருத்துவருக்கு இணையவழிச் செய்தியாவது அனுப்புங்கள்; அதுவும் மருத்துவப் பதிவில் ஏறும். மனைவி அல்லது கணவர், உடன் பணியாற்றியவர் எழுதித் தரும் வாக்குமூலமும் சான்றுதான். வி.ஏ. நடத்தும் பரிசோதனை நாளில் உங்களுக்கு மூக்கு நன்றாக இருக்கலாம். வலியை விழுங்கிச் சமாளித்துப் பழகியவர்கள் அங்கேயும் “ஒன்றுமில்லை” என்றுதான் சொல்வார்கள். மோசமான நாளில் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லுங்கள். உள்ளதைச் சொன்னால் போதும், கூட்டிச் சொல்ல வேண்டாம். பொய் பிடிபட்டால் எல்லாமே போகும்.

மூக்கழற்சிக்கு, மூக்கில் பாலிப் எனும் சதை வளர்ந்திருந்தால் 30 சதவீதம். இரு துவாரமும் பாதிக்கு மேல் அடைத்திருந்தாலோ ஒன்று முழுதாக அடைத்திருந்தாலோ 10. சைனஸையும் மூக்கழற்சியையும் தனித்தனியாக மதிப்பிடலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. ஆனால் ஆஸ்துமாவும் சி.ஓ.பி.டி.யும் சேர்ந்து இருந்தால் இரண்டுக்கும் ஒரே மதிப்பீடுதான். தினமும் இன்ஹேலர் தேவைப்படும் ஆஸ்துமாவுக்கு 30 சதவீதம் உண்டு. தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும் நோய் பட்டியலில் இல்லை. மூக்கடைப்பின் விளைவாக வந்தது என்று கோரலாம், அதற்குக் காரணத் தொடர்பைச் சொல்லும் மருத்துவக் கருத்து வேண்டும்.

கூட்டல் கணக்கும் வினோதமானது. 30-ம் 30-ம் 60 ஆகாது. முதல் 30 போக மிச்சமிருக்கும் 70-இல் 30 சதவீதம் 21. ஆக 51, அதை 50 ஆக்குவார்கள். 2025-ஆம் ஆண்டு விகிதப்படி, தம்மைச் சார்ந்து வாழும் குடும்பத்தினர் இல்லாதவருக்கு 10 சதவீதம் என்றால் மாதம் சுமார் 175 டாலர், 50 சதவீதம் என்றால் 1,102 டாலர். வரி இல்லை. 0 கிடைத்தாலும் தூக்கிப் போடாதீர்கள்: அந்த நோய்க்கான சிகிச்சை உரிமை கிடைக்கும், நோய் முற்றினால் உயர்த்திக் கேட்கலாம்.

எரிகுழிப் புகைக்கு ஆளானவர்களுக்காக வி.ஏ. வைத்திருக்கும் பதிவேட்டில் பெயர் இருக்கிறதே என்று சிலர் காத்திருக்கிறார்கள். பதிவேடு வேறு, இழப்பீட்டுக் கோரிக்கை வேறு. முதலில் “விண்ணப்பிக்க உள்ளேன்” என்று தெரிவிக்கும் 21-0966 படிவத்தைக் கொடுங்கள். இழப்பீட்டைக் கணக்கிடத் தொடங்கும் நாளாக அந்தத் தேதி ஓராண்டு உங்களுக்காகக் காத்திருக்கும். அதற்குள் 21-526இஇசட் படிவத்தோடு சான்றுகளைச் சேர்க்கலாம். நிராகரித்தால், முடிவு வந்த ஓராண்டுக்குள் புதிய சான்றோடு துணைக் கோரிக்கை, மூத்த அதிகாரியின் மறுபார்வை, மேல்முறையீட்டு வாரியம் என மூன்று வழிகளில் ஒன்றை எடுத்தால் பழைய தேதி காக்கப்படும்.

ஒரு எச்சரிக்கை. “நூறு சதவீதம் வாங்கித் தருகிறோம்” என்று தொலைபேசியில் துரத்தும் நிறுவனங்கள் இந்தச் சட்டத்துக்குப் பிறகு பெருகிவிட்டன. முதல் கோரிக்கையைத் தயாரிக்கக் கட்டணம் வாங்க யாருக்கும் அனுமதியில்லை. ஆனால் மீறினால் கூட்டாட்சிச் சட்டத்தில் குற்றத் தண்டனை இல்லாததால் துணிச்சலாக வாங்குகிறார்கள். இது வெட்கக்கேடான ஓட்டை. அமெரிக்கன் லீஜன், டி.ஏ.வி., வி.எஃப்.டபிள்யூ. போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகளின் அங்கீகாரம் பெற்ற உதவியாளர்கள் காசு வாங்காமலே செய்து தருவார்கள். வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லையோ வி.ஏ. கணக்கின் கடவுச்சொல்லையோ கேட்பவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

2022-க்கு முன் “தொடர்பு நிரூபிக்கப்படவில்லை” என்ற கடிதம் வாங்கியவர்கள் இப்போது துணைக் கோரிக்கை போடலாம். அதற்குக் கடைசித் தேதி கிடையாது. ஆனால் தாமதிக்கும் ஒவ்வொரு மாதத்தின் பணமும் திரும்ப வராது.