வாசலுக்கு முன்னால் போகும் பாதை யாருடையது?

அமெரிக்கா என்றதும் கண்ணாடி போன்ற அகன்ற பாதைகள்தாம் நம்மில் பலருடைய மனக்கண்ணில் தோன்றும். போய்வந்தவர்கள் சொல்வதும் பெரும்பாலும் அதுதான். ஆனால் சகோதரிகளே, அந்நாட்டின் வடக்கே உள்ள மிச்சிகன் மாநிலத்தில் குடியிருக்கும் ஒரு தாயிடம் கேட்டுப் பாருங்கள். மார்ச் மாதம் வந்துவிட்டால் பிள்ளையைப் பாடசாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அவளுக்குப் பெரும்பாடு. பனி உருகியதும் வெளியே தெரியும் பாதை குன்றும் குழியுமாகக் கிடக்கும். டயர் வெடிக்கும், சில்லு நெளியும். 2018ஆம் ஆண்டு அம்மாநில ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்ட கிரெச்சன் விட்மர் என்ற பெண்மணி, பாழாய்ப்போன பாதைகளைத் திருத்துவோம் என்பதையே தமது பிரதான கோஷமாக வைத்து வெற்றியும் பெற்றார் என்றால் பாருங்களேன்.

இத்தனைக்கும் மோட்டார் வாகனத் தொழிலின் தாய்வீடு அந்த மாநிலம். அங்குள்ள டெட்ரோயிட் நகரும் அதன் சுற்றுப்புறமும் வெய்ன் கவுண்டி என்ற பிரிவில் அடங்கும். கவுண்டி என்பது பல நகரங்களையும் கிராமங்களையும் உள்ளடக்கிய நிர்வாகப் பிரிவு. விளங்குவதற்காக நம் நாட்டு மாவட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கென மக்கள் தெரிவு செய்த சபை உண்டு. வரி விதிக்கும் அதிகாரமும் உண்டு. வெய்ன் கவுண்டி 1906இல் அமைத்த வீதி ஆணைக்குழுவின் முதல் உறுப்பினர் மூவரில் ஒருவர் கார் தயாரித்த ஹென்றி போர்ட். மற்றொருவர் எட்வர்ட் ஹைன்ஸ். இவர் சைக்கிள் ஓட்டிகள் சங்கத்திலிருந்து வந்தவர். நல்ல பாதை வேண்டும் என்று முதலில் குரல் எழுப்பியவர்கள் கார்க்காரர்கள் அல்லர், சைக்கிள்காரர்கள்தாம்! 1909இல் இந்த ஆணைக்குழு வுட்வர்ட் வீதியில் ஒரு மைல் நீளத்துக்குக் கொங்கிறீட் போட்டது. உலகம் முழுவதிலுமிருந்து பொறியியலாளர்கள் வந்து பார்த்துப் போனார்கள். பாதையின் நடுவே கோடு போடும் யோசனையும் 1911இல் ஹைன்ஸிடமிருந்து வந்ததுதான். பால் வண்டி ஒன்று ஒழுகிக்கொண்டே போனதால் விழுந்த வெள்ளைக் கோட்டைக் கண்டு அந்த எண்ணம் அவருக்கு உதித்தது என்பார்கள்.

அப்படிப்பட்ட இடத்தில் பாதை ஏன் இப்படிக் கெட்டுப்போகிறது? குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் நிரம்பத் தண்ணீர் ஊற்றிய போத்தலை வைத்துப் பாருங்கள். வெடித்துவிடும். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் பருமனில் கூடுகிறது. தாரில் ஒரு மயிரிழை வெடிப்பு இருந்தால் போதும். அதற்குள் இறங்கும் நீர் இரவில் உறைந்து பாதையைத் தூக்கும். பகலில் உருகும்போது அடியில் பொந்து விழும். ஒரு குளிர்காலத்தில் பல தடவை இது நடக்கிறது. பொந்தின்மேல் லொறி ஏறினால் தார் உள்ளே போய்விடும். லொறியும் சாதாரண லொறியல்ல. 11 அச்சுகள் கொண்ட வாகனம் 164,000 இறாத்தல் வரை நிறையுடன் ஓட மிச்சிகன் சட்டம் இடமளிக்கிறது.

ஆனால் பனியையும் லொறியையும் மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. உங்கள் வாசலுக்கு முன்னால் போகும் பாதை யாருடையது என்ற கேள்விதான் அது.

மிச்சிகனில் பொதுப் பாதைகள் ஏறத்தாழ 120,000 மைல். அவற்றில் மாநில அரசுக்குச் சொந்தமானவை 10,000 மைலுக்கும் குறைவு. மிகப் பெரும் பகுதி கவுண்டிகளிடமும், எஞ்சியவை நகரங்களிடமும் சிற்றூர்களிடமும் இருக்கின்றன. எரிபொருள் வரியாகவும் வாகனப் பதிவுக் கட்டணமாகவும் சேரும் பணத்தை 1951ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டம் பங்கிடுகிறது. சில கழிவுகள் போக மாநிலத்துக்கு நூற்றுக்கு 39, கவுண்டிகளுக்கு 39, நகரங்களுக்கும் சிற்றூர்களுக்கும் 22 என்பது சுமாரான கணக்கு. 2020இல் விட்மரின் நிர்வாகம் 350 கோடி டொலர் கடன் எடுத்துப் பாதை திருத்தத் தொடங்கியது. நல்ல காரியந்தான். ஆனால் அந்தப் பணம் மாநிலத்தின் பெருஞ்சாலைகளுக்கு மட்டுமே உரியது. பெருஞ்சாலையில் வழுக்கிக்கொண்டு வந்த கார் வீட்டுத் தெருவுக்குள் திரும்பியதும் துள்ளத் தொடங்கும்.

நகரத்தின் ஊடாகப் போகும் பாதைகளிலும் எல்லாம் நகரத்துக்குச் சொந்தமல்ல. பெரிய குறுக்குப் பாதை கவுண்டியினுடையதாக இருக்கும். அதிலிருந்து பிரியும் தெரு நகரசபையினுடையதாக இருக்கும். குழியைப் பற்றி முறையிடும் பெண்ணுக்கு ஒரு கந்தோரில் கிடைக்கும் பதில், அது எங்களுடையதல்ல, அடுத்த கந்தோருக்குப் போங்கள் என்பதாகும். இந்தப் பதில் மிச்சிகனுக்கு மட்டும் உரியதல்ல என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை!

இந்த இடத்தில்தான் டெட்ரோயிட்டுக்கு வடக்கேயுள்ள ஒக்லண்ட் கவுண்டி செய்ததைக் கவனிக்க வேண்டும். அங்கு 62 நகரங்களும் சிற்றூர்களும் ஊராட்சிகளும் இருக்கின்றன. பாதைகளைப் பராமரிப்பது ஒக்லண்ட் வீதி ஆணைக்குழு. அது கவுண்டி சபையிலிருந்து தனித்து இயங்குவது. அதன் பொறுப்பில் 2,700 மைலுக்கு மேற்பட்ட பாதைகள் இருக்கின்றன. அவற்றில் கணிசமானவை இன்னும் கிறவல் பாதைகள். செல்வம் மிகுந்த ஒரு கவுண்டியில் கிறவல் பாதையா என்று நீங்கள் வியக்கலாம். அதுதான் உண்மை.

அங்கே முத்தரப்புத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. கவுண்டிப் பாதையொன்றைத் திருத்துவதற்கு வீதி ஆணைக்குழு மூன்றில் ஒரு பங்கு, கவுண்டி அரசு ஒரு பங்கு, அந்தப் பாதை ஓடும் ஊர் ஒரு பங்கு என மூவரும் பணம் போடுவார்கள். 2016இல் இதற்கு மறுபக்கமாக இன்னொரு ஏற்பாடு வந்தது. நகரத்துக்கே சொந்தமான உள்ளூர்ப் பாதையைத் திருத்தவும் கவுண்டி சபை தன் பொது நிதியிலிருந்து கொடுக்க முன்வந்தது. நிபந்தனை ஒன்று உண்டு: கவுண்டி கொடுக்கும் தொகைக்குக் குறையாமல் நகரமும் தன் பங்கைப் போட வேண்டும். நகரப் பாதைகளுக்குக் கவுண்டி சபை சட்டப்படி பொறுப்பில்லை. ஆனாலும் அந்தப் பாதைகளில் போய்வருபவர்கள் அதே கவுண்டியின் மக்கள்தானே என்று அவர்கள் வாதிட்டார்கள். அது எனக்குச் சரியாகவே படுகிறது.

தொகை பெரிதல்ல. ஒரு நகரத்தின் தெருக்கள் அத்தனையையும் அதைக்கொண்டு புதுப்பிக்க முடியாது. ஆனால் ஓடு ஒன்று விலகியபோதே அதை நேராக்கி வைப்பதற்கும், மழை நீர் இறங்கிச் சிலாகையும் வளையும் உக்கிய பிறகு கூரையையே பிரிப்பதற்கும் உள்ள வித்தியாசம் வீடு நடத்தும் உங்களுக்குத் தெரியும். பாதையும் அப்படித்தான். வெடிப்பை அடைப்பதும், மேல் தாரைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போடுவதும் சிறு செலவு. அடிக்கல் வரை தோண்டி, வடிகானும் அமைத்து மறுபடி கட்டுவது பல மடங்கு செலவு. மோசமானதை முதலில் திருத்து என்று மக்கள் கேட்பார்கள். அது நியாயமாகவும் தோன்றும். ஆனால் எல்லாப் பணத்தையும் முழுதும் பாழான இரண்டு தெருக்களில் போட்டுவிட்டால், அரைகுறையாக இருக்கும் இருபது தெருக்கள் அதற்குள் பாழாகிவிடும். பங்குப்பணம் சிறிதானாலும் உரிய நேரத்தில் வந்தால் அந்த இருபதையும் காப்பாற்றலாம்.

இரு சபைகளும் ஒரே மேசையில் உட்காருவதால் இன்னொரு நன்மையும் உண்டு. அதைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன். பாதை ஒருவருடையது, அதன் அடியில் ஓடும் குடிநீர்க் குழாய் பெரும்பாலும் நகரத்தினுடையது. காபட் போட்டு மாதங்கூட ஆகாத பாதையைக் குழாய்க்காக வெட்டுவதை நாமும் கண்டிருக்கிறோம் அல்லவா? மிச்சிகனில் இது வெறும் வீண்செலவு மட்டுமல்ல. 2014இல் அம்மாநிலத்தின் பிளின்ட் நகரில் நீர் மூலத்தை மாற்றியபோது பழைய ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் குடிநீரில் கலந்தது. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. அதன்பின் 2018இல் வந்த விதியின்படி, வீடுகளுக்குப் போகும் ஈயக் குழாய்கள் அனைத்தையும் 2021 முதல் 20 ஆண்டுகளுக்குள் நீர் வழங்கும் சபைகள் மாற்றியாக வேண்டும். குழாயை மாற்றப் பாதையைத் தோண்டத்தான் வேண்டும். நகரமும் கவுண்டியும் கலந்து பேசினால் ஒரு தோண்டலில் இரு வேலையும் முடியும். பேசாவிட்டால் புதுப் பாதை பிளக்கப்படும். அல்லது குழந்தையின் பால் கரைக்கும் தண்ணீர் இன்னும் சில வருடங்கள் அதே குழாயில் வரும்.

இனி இதன் குறையையும் சொல்லவேண்டும். நீ பாதி போட்டால் நான் பாதி தருகிறேன் என்ற ஏற்பாடு, பாதி போட வசதியுள்ளவனுக்குத்தான் உதவும். ஒக்லண்ட் கவுண்டியின் தலைமை நகரமான பொன்டியாக் 2009இல் கடன் சுமையால் தன் நிதி நிர்வாகத்தையே மாநிலம் நியமித்த ஒருவரிடம் ஒப்படைக்க நேர்ந்தது. 2013இல் டெட்ரோயிட் வங்குரோத்தானது. கார்த் தொழிற்சாலைகள் மூடப்பட்டு, சனம் வெளியேறி, வரி வருமானம் குறைந்த இத்தகைய நகரங்களில்தான் பாதை அதிகம் கெட்டிருக்கும். பங்குப்பணமும் குறைவாக இருக்கும். வசதி குறைந்த ஊருக்குப் பங்கைக் குறைத்து வாங்குவதே நீதி என்பது என் கருத்து.

வெய்ன் கவுண்டியிலுள்ள ஹம்ட்ராமெக் என்ற சிறு நகரைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். பரப்பளவு இரண்டு சதுர மைல் அளவுதான். யெமனிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்து குடியேறிய முஸ்லிம்கள் நிறைந்த ஊர். 2022 ஜனவரியில் அதன் நகரசபை முழுக்க முழுக்க முஸ்லிம் உறுப்பினர்களைக் கொண்டதாக அமைந்தபோது உலகப் பத்திரிகைகளெல்லாம் எழுதின. நமக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் 2013இல் மாநிலத்தின் நிதி மேற்பார்வைக்குக் கீழ் வந்த ஏழை ஊர் அது. புதிய உறுப்பினர்களின் கையிலும் அதே வெறும் கஜானாவும் அதே குழிகளுந்தாம் வந்து சேர்ந்தன.

2025 ஒக்டோபரில் மிச்சிகனில் ஒரு புதிய சட்டம் கையெழுத்தானது. உள்ளூர்ப் பாதைகளுக்குப் பெருமளவு பணம் போய்ச் சேருவதற்கு அது வழிசெய்தது. பெற்றோல் மீதான 6 வீத விற்பனை வரியை நீக்கி அதற்கீடாக எரிபொருள் வரியை உயர்த்தினார்கள். இதனால் பெற்றோல் நிலையத்தில் அறவிடப்படும் மாநில வரி முழுவதும் பாதைக்குப் போகும். முன்பு விற்பனை வரியின் பெரும் பங்கு பாடசாலைகளுக்குப் போனது. இரண்டாவது வழி கஞ்சா. அம்மாநிலத்தில் அது சட்டப்படி விற்கப்படுகிறது. அதன் மொத்த விற்பனை மீது 2026 ஜனவரி 1 முதல் 24 வீத வரி விதித்தார்கள். போதைப் பொருளின் வரியில் பாதை போடுவதா என்று உங்களைப் போலவே எனக்கும் நெருடத்தான் செய்கிறது. அங்குள்ள நம் சகோதரிகளின் பிள்ளைகள் பள்ளிவாசலுக்கு நடந்துபோகும் தெருவும் அந்தப் பணத்தில் திருத்தப்படலாம்.

பணம் வந்தாலும் வேலைக்குக் காலம் குறுகியது. குளிர்காலத்தில் தார்க்கலவை ஆலைகள் மூடிக்கிடக்கும். இளவேனில் முதல் பனி தொடங்கும் வரை கிடைக்கும் சில மாதங்களுக்குள் நகரமும் கவுண்டியும் கையொப்பமிட்டு, கேள்விப்பத்திரம் கோரி, குழாயையும் மாற்றிப் பாதையைப் போட்டு முடிக்க வேண்டும். கடிதப் போக்குவரத்தில் ஜூலை கடந்துவிட்டால், அந்தத் தெரு இன்னொரு பனிக்காலத்தைப் பழைய குழிகளோடுதான் தாண்டும்.